மாலத்தீவு ரிசார்ட் விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலத்தீவு ரிசார்ட் மற்ற கடற்கரை விடுதிகளிலிருந்து எதில் வேறுபடுகிறது?

இங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். 1972-இல் குரும்பா ரிசார்ட்டோடு தொடங்கிய வழக்கம் இது. தீவில் நீங்கள் தங்கும் விடுதியைத் தவிர வேறு கடையோ, மருந்தகமோ, உணவகமோ, பேருந்தோ இருக்காது. குடிநீரைக் கடல்நீரிலிருந்து அங்கேயே எடுக்கிறார்கள், மின்சாரத்தையும் அங்கேயே ஆக்குகிறார்கள். மற்றதெல்லாம் படகில் வந்து இறங்க வேண்டும்.

அந்த அமைதிக்குக் காரணம் இதுதான். தேர்வு தவறினால் தப்ப வழியில்லாததற்கும் இதுவேதான் காரணம். அறை பிடிக்கவில்லை என்றால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட முடியாது. உணவு அலுத்தாலும் வேறு இடம் கிடையாது. அதனால் நிம்மதியில் பெரும்பகுதி புறப்படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் முன்பதிவைப் பற்றியே பேசுவதும் அதனால்தான்.

எந்த மாதத்தில் போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. உள்ளூரில் இதை இருவை என்பார்கள். மழை குறைவு, கடல் அமைதி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நீர் மிகத் தெளிவாக இருக்கும். வெயிலும் அமைதியான கடலும் மட்டும் போதும் என்பவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களை யோசிக்காமல் எடுக்கலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலை உச்சத்தில் இருக்கும். டிசம்பர் 24, 31 இரவு விருந்துக்குப் பல ரிசார்ட்கள் கட்டாயக் கட்டணம் வாங்குகின்றன. அது அறை விலையில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று, உள்ளூர்ப் பெயர் ஹுலங்கு. நாள் முழுதும் மழை கொட்டுவது குறைவு. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்து விலகிவிடும் நாட்களே அதிகம் என்றாலும், மூன்று நாள் தொடர்ந்து மூடியிருக்கவும் கூடும். அந்த அபாயத்துக்கு ஈடாக விலை இறங்கும். மந்தா திருக்கைகள் பெருந்திரளாக வருவதும் இந்தக் காலத்தில்தான். நீரின் வெப்பம் ஆண்டு முழுதும் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை. எனவே குளிர் ஒரு கவலையே இல்லை.

எத்தனை இரவு தங்க வேண்டும்?

ஐந்து. முதல் நாளும் கடைசி நாளும் பயணத்தில் கழியும். மூன்று இரவு என்றால் முழு நாட்கள் இரண்டே, அதில் ஒன்று மழையில் போனால் பயணமே வீணானதுபோல் தோன்றும். இரண்டு ரிசார்ட்களில் பிரித்துத் தங்கும் யோசனை காகிதத்தில் அழகாக இருக்கும். நடைமுறையில் அந்த மாற்றம் அரை நாளுக்கு மேல் தின்றுவிடும், போக்குவரத்துக் கட்டணமும் இன்னொருமுறை விழும். ஏழு இரவுக்குக் குறைவாக இருந்தால் அதைச் செய்ய வேண்டாம்.

நூற்றுக்கணக்கான தீவுகளில் எதைத் தேர்வது?

விளம்பரப் படங்களை மூடிவைத்துவிட்டுச் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறங்கள். தீவைச் சுற்றி வெளிர் பச்சையாகத் தெரிவது லகூன், அதாவது மணல் அடியுள்ள ஆழமற்ற நீர். அது சட்டென்று கரும் நீலமாக மாறும் கோடுதான் பவளப்பாறையின் விளிம்பு. இதை ஹவுஸ் ரீஃப் என்பார்கள். வரைபடத்தின் அளவுகோலை வைத்து, கரையிலிருந்து அந்தக் கோடு எத்தனை மீட்டர் என்று பாருங்கள்.

முப்பது ஐம்பது மீட்டருக்குள் இருந்தால், காலையில் எழுந்து துண்டை எறிந்துவிட்டு நேராக மீன்களுக்கு நடுவே போய்விடலாம். முன்னூறு மீட்டருக்கு அப்பால் இருந்தால் ஒவ்வொரு முறையும் படகு பிடிக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் இருக்கும். ஆனால் நீந்தத் தெரியாதவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அந்த அகன்ற லகூன்தான் சொர்க்கம். இரண்டும் ஒரே தீவில் சிறப்பாக அமைவது அரிது. வீட்டில் யார் எதை விரும்புகிறார்கள் என்று பேசி முடிவெடுங்கள்.

வரைபடத்தில் இன்னொன்றும் தெரியும். கரையில் கல் அடுக்குகளோ தடுப்புச் சுவர்களோ கோடுபோல் இருந்தால் அங்கே மணல் அரிக்கிறது என்று பொருள். பருவக்காற்று மாறும்போது மணல் தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்வது இங்கே இயல்பு. படத்தில் பார்த்த கடற்கரை நீங்கள் போகும் மாதத்தில் பாதியாக இருக்கலாம். "எங்கள் தேதியில் இந்த வில்லாவுக்கு முன்னால் மணல் இருக்குமா?" என்று மின்னஞ்சலில் கேட்டால் நல்ல ரிசார்ட் நேர்மையாகப் பதில் சொல்லும்.

பவளத்தின் நிலையையும் கேளுங்கள். 1998, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் பெருமளவில் வெளிறியது. சில பாறைகள் நன்றாக மீண்டிருக்கின்றன, சில இன்னும் சாம்பல் நிறத்தில்தான் கிடக்கின்றன. பழைய படங்களை நம்ப வேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் விருந்தினர்கள் போட்ட நீரடிப் படங்களைத் தேடுங்கள்.

நீர் வில்லாவா, கடற்கரை வில்லாவா?

ஆசைக்கு நீர் வில்லா, வசதிக்குக் கடற்கரை வில்லா. தூண்கள்மேல் நிற்கும் நீர் வில்லாவில் படிக்கட்டு நேரே கடலில் இறங்கும். இரவில் அடியில் நீர் அலம்பும் ஓசை சிலருக்குத் தாலாட்டு, சிலருக்குத் தூக்கம் கெடும். நிழல் குறைவு. மரப்பாலத்தில் உணவகத்துக்கு நடை நீளம். பல ரிசார்ட்கள் சிறு குழந்தைகளை இவற்றில் தங்க விடுவதில்லை, வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். கடற்கரை வில்லாவில் மரநிழல், மணல், தனிமை மூன்றும் உண்டு. கொசுவும் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று: சூரியன் மறையும் பக்கத்து வில்லாக்களுக்கு விலை கூடுதல், அது மேற்குப் பக்கம். மே முதல் அக்டோபர் வரை காற்றும் அலையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். படிக்கட்டில் இறங்கவே முடியாத நாட்கள் வரும். அந்த மாதங்களில் விலை குறைந்த கிழக்குப் பக்கமே அமைதியானது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நிலைமை தலைகீழ்.

விமான நிலையத்திலிருந்து தீவுக்கு எப்படிப் போவது?

தலைநகர் மாலே அருகிலுள்ள வேலானா பன்னாட்டு விமான நிலையத்தில் இறங்குவீர்கள். அதற்குப்பின் வழி மூன்று.

ஸ்பீட்போட்: வடக்கு, தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டங்களில் உள்ள ரிசார்ட்களுக்கு. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், பல இடங்களுக்கு இரவிலும் ஓடும். அலை உள்ள நாளில் முன்பகுதி தூக்கித் தூக்கிப் போடும். பின்வரிசையில் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். குமட்டல் மாத்திரை போடுபவர்கள் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், படகில் ஏறியபின் போட்டால் பலன் குறைவு.

சீப்ளேன்: கடல்நீரிலேயே இறங்கி ஏறும், பதினைந்து பேர் அளவில் ஏறும் டுவின் ஆட்டர் விமானம். மேலிருந்து பார்க்கும் தீவுகளின் காட்சிக்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் இது பகலில் மட்டுமே பறக்கும், பயணத் திட்டங்கள் குலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்கள் பன்னாட்டு விமானம் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு இறங்கினால் அன்று சீப்ளேன் கிடைக்காமல் போகலாம். அப்போது விமான நிலையத்தோடு சாலையால் இணைந்த ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்க வேண்டும். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் திரும்பாது. திரும்பும்போதும் அப்படியே: காலை ஒன்பது மணிக்கு முன் புறப்படும் விமானமென்றால் முந்தைய நாளே தீவைவிட்டுக் கிளம்ப நேரலாம். ஆகவே ரிசார்ட்டின் போக்குவரத்து நேரத்தைக் கேட்டு உறுதிசெய்த பிறகே விமானச் சீட்டு எடுங்கள்.

சீப்ளேனின் சரியான நேரம் முந்தைய மாலையில்தான் தெரியும். வழியில் வேறு தீவுகளில் இறங்கி ஏறும். உள்ளே கழிப்பறை இல்லை, இரைச்சல் அதிகம், இருக்கை எண்ணும் கிடையாது. கட்டணம் ஆளுக்குப் பல நூறு டாலர். அறை விலையை ஒப்பிடும்போது இதைச் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

உள்நாட்டு விமானமும் படகும்: தொலைவான தீவுகளுக்கு. இருட்டிய பின்னும் பறக்கும் என்பதால், தாமதமாக இறங்குபவர்களுக்கு இது நல்ல வழி.

எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம்?

சீப்ளேனில் பொதுவாக ஆளுக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை. மிஞ்சினால் கிலோவுக்குக் கட்டணம், விமானம் நிறைந்திருந்தால் பெட்டி அடுத்த விமானத்தில் வரும். அதனால் நீச்சலுடை, மருந்து, ஒரு மாற்றுத்துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

தினமும் சாப்பிடும் மருந்து, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஒவ்வாமைக்கான மாத்திரைகள், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி, கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொரு கண்ணாடி: இவை தீவில் கிடைக்காது என்று எண்ணியே எடுத்துவையுங்கள். மின்சாரம் 230 வோல்ட். தட்டையான மூன்று கால் கொண்ட பிரிட்டிஷ் வகைப் பிளக் பரவலாக இருக்கிறது. நல்ல செருப்பு, உயர்குதிகால் எல்லாம் சுமைதான், தீவில் எல்லோரும் வெறுங்காலில்தான் நடக்கிறார்கள்.

விசா, படிவங்கள்?

பெரும்பாலான நாட்டவருக்குச் சுற்றுலா விசா வந்திறங்கும்போது இலவசமாக 30 நாளுக்குக் கிடைக்கும். தங்குமிட முன்பதிவும் திரும்பும் சீட்டும் கையில் இருக்க வேண்டும். ஐமுகா என்னும் பயணியர் அறிவிப்புப் படிவத்தை வருவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கிளம்பும்போதும் ஒருமுறை. இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

எதையெல்லாம் கொண்டுவரக் கூடாது?

மது, பன்றி இறைச்சிப் பொருட்கள், ஆபாசப் படங்கள், வழிபாட்டுச் சிலைகள். விமான நிலைய வரியில்லாக் கடையில் வாங்கிய மது புட்டியையும் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். ரிசார்ட் தீவுகளில் மது விற்பனைக்கு அனுமதி உண்டு. பையில் சிறு சாமி சிலை வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. மின்சிகரெட் 2024 நவம்பர் முதல் தடை. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் புகையிலை பயன்படுத்தவும் 2025 நவம்பர் முதல் தடை, சுற்றுலாப் பயணிகளுக்கும் இது பொருந்தும்.

வெளியே கொண்டுபோகும்போது பவளத் துண்டு, ஆமை ஓடு, சங்கு, சிப்பி எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. கரையில் கிடந்தது, செத்தது என்ற விளக்கம் எடுபடாது.

இணையத்தில் காட்டும் விலையும் கடைசி பில்லும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

மூன்று சேர்மானங்கள்: 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் கணக்கிடும் 17 சதவீதச் சுற்றுலா வரி (2025 ஜூலை முதல்), ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளுக்கு 12 டாலர் பசுமை வரி (2025 ஜனவரி முதல்).

இருவர் தங்கும் அறை ஓர் இரவுக்கு 600 டாலர் என்று காட்டினால்: சேவைக் கட்டணம் 60 சேர்ந்து 660. அதில் 17 சதவீதம் 112.20, ஆக 772.20. பசுமை வரி 24. மொத்தம் 796.20 டாலர். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் இன்னும் சேரவில்லை என்று பொருள். காபி, மசாஜ், படகுப் பயணம் எதுவானாலும் காட்டிய விலையை 1.287-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எந்த உணவுத் திட்டம் எடுப்பது?

காலையுணவு மட்டும் உள்ள திட்டம் மலிவாகத் தோன்றும். தீவில் வேறு கடை இல்லாததால் மற்ற இரு வேளையும் பட்டியல் விலையில்தான் சாப்பிட வேண்டும். மது அருந்தாதவர்களுக்குக் காலையும் இரவும் உணவு உள்ள ஹாஃப் போர்டு பெரும்பாலும் போதும். காலையுணவைப் பத்து மணிக்கு நிறைவாக முடித்தால் மதியம் பழமோ ஒரு சாண்ட்விச்சோ போதுமானது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு பானம் குடிப்பவர்களுக்கு, உணவும் பானமும் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ் இலாபம்.

எடுக்கும் முன் உணவகப் பட்டியலை அனுப்பச் சொல்லி, ஒரு நாளுக்கு நீங்கள் உண்மையில் சாப்பிடுவதைக் கூட்டிப் பாருங்கள். திட்டத்தில் எந்தெந்த உணவகம் சேரும், அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி சேருமா, ஹாஃப் போர்டில் குடிநீர் சேருமா என்ற மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம், ஐந்து நாள் தண்ணீர் பில் வந்த பிறகு அப்படித் தோன்றாது.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். பல சமையலறைகளில் இந்திய, இலங்கைச் சமையற்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. மாலத்தீவுச் சமையலின் ஆதாரமே சூரை மீன். காலையுணவாக வரும் தேங்காய்த் துருவல் மஸ் ஹுனியிலும் அது இருக்கும், நாம் மாசிக் கருவாடு என்று சொல்வதும் இந்தத் தீவுகளின் சரக்குதான். சம்பலிலும் கறியிலும் கண்ணுக்குத் தெரியாமல் பொடியாகக் கலந்திருக்கும். மீன், மாசி, முட்டை, மீன் சாறு எதுவும் கூடாது என்று முன்பதிவின்போதே எழுதி அனுப்புங்கள். வந்த முதல் நாள் தலைமைச் சமையற்காரரை நேரில் பார்த்து மீண்டும் சொல்லுங்கள். பொருள்கள் படகில் வருவதால் முன்னறிவிப்பு இருந்தால்தான் வேண்டிய காய்கறியை வரவழைக்க முடியும்.

நீச்சல் சுமாராகத்தான் தெரியும். ஸ்நார்கெல் செய்யலாமா?

செய்யலாம், மிதவை அங்கியோடும் துணையோடும். ஸ்நார்கெல் என்பது முகமூடியும் மூச்சுக் குழாயும் அணிந்து, நீர்மேல் மிதந்தபடி கீழே பார்ப்பது. முதல் முறை பயிற்றுநருடன் போவதற்கு ஆகும் கட்டணம் இந்த விடுமுறையில் நீங்கள் செய்யும் மிகச் சரியான செலவு.

முதலில் முகமூடி. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சிழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. தலைமுடியோ மீசையோ விளிம்பில் சிக்கினால் நீர் கசியும், வாரை இறுக்கினால் கசிவு கூடுமே தவிரக் குறையாது. கண்ணாடி மூடுபனி போடாமலிருக்க உட்புறம் எச்சில் தடவி, கடல்நீரில் ஒருமுறை அலசுங்கள். பிறகு இடுப்பளவு நீரில் நின்று முகத்தை மட்டும் முக்கி, குழாய் வழியே நிதானமாக இருபது மூச்சு. அது பழகும்வரை ஆழத்துக்குப் போகாதீர்கள். பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் மாறுவதால்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள்.

ஆபத்து மீனில் இல்லை, நீரோட்டத்தில் இருக்கிறது. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் தீவுகளுக்கு இடையிலான கால்வாய்களில் நீர் ஆறுபோல் ஓடும். அன்றைய ஓட்டம் எந்தத் திசை என்று நீர் விளையாட்டு மையத்தில் கேளுங்கள். எந்த இடத்தில் இறங்கி எந்த இடத்தில் ஏறுவது என்றும் கேளுங்கள், பாறையில் எல்லா இடத்திலும் ஏற முடியாது. பொதுவாக ஓட்டத்துக்கு எதிராக முதலில் நீந்தி, சோர்வு வரும்போது ஓட்டத்தோடு திரும்ப வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்துப் போராடாதீர்கள். குறுக்காகக் கரை நோக்கி நீந்துங்கள், முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்தி அசைத்துக் காட்டுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் அன்று இறங்க வேண்டாம்.

பவளத்தின் மேல் நிற்கவே கூடாது. அது உயிருள்ளது, பல ஆண்டு வளர்ச்சி ஒரு மிதியில் உடையும், உங்கள் காலையும் கிழிக்கும்.

சுறா கடிக்குமா? வேறு என்ன ஆபத்து?

கரையோரம் திரியும் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் உங்களைக் கண்டால் விலகிப்போகும். இரை போட்டுப் பழக்காதவரை பயம் வேண்டாம். எச்சரிக்கை தேவைப்படுவது டைட்டன் டிரிகர் என்னும் பெரிய கிளாத்தி மீனிடம். முட்டையிட்ட காலத்தில் கூட்டைக் காக்கத் துரத்திக் கடிக்கும். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம், அதனால் மேலே எழாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

கல்மீன் அடித்தளத்தில் கல்போலவே கிடக்கும். மிதித்தால் கடும் வலி. தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்து உடனே மருத்துவரைப் பாருங்கள். பாறையோர நீரில் ரப்பர் அடிச் செருப்பு அணிந்தால் இதையும் கடல் முள்ளெலியின் முள்ளையும் தவிர்க்கலாம்.

மிக அதிகமானவர்களின் விடுமுறையைக் கெடுப்பது வெயில். நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவுகள் இவை. மிதந்துகொண்டே மீன் பார்க்கையில் முதுகு சுடுவது தெரியாது, இரவில் படுக்க முடியாது. முழுக்கை நீச்சல் சட்டை அணியுங்கள். மீதி உடம்புக்குத் துத்தநாக ஆக்சைடு உள்ள வெயில்காப்புக் களிம்பு. ஆக்சிபென்சோன் உள்ளவை பவளத்துக்குக் கேடு. சட்டை அணிந்தாலும் ஐந்து நாளுக்கு ஆளுக்கு ஒரு 200 மி.லி. புட்டி தீர்ந்துவிடும். காலை பத்துக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் கடல், நடுப்பகலில் நிழல்: இந்த ஒழுங்கு போதும்.

மந்தா திருக்கையையும் திமிங்கலச் சுறாவையும் எங்கே பார்க்கலாம்?

மந்தாவுக்குப் பா என்னும் பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடா, ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரை. 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி இது. தென்மேற்குக் காற்றில் நுண்ணுயிர்கள் கிழக்குப் பக்கம் ஒதுங்கி இந்தக் குடாவில் குவிவதால் திருக்கைகள் உண்ண வருகின்றன. காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, ஸ்நார்கெல் மட்டும், குழுவுக்கு 45 நிமிடம். திமிங்கலச் சுறா தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் ஆண்டு முழுதும் தென்படும். எதுவும் உறுதியல்ல. தங்கும் நாட்களின் தொடக்கத்திலேயே பயணத்தைப் பதிவு செய்தால், தவறினாலும் இன்னொரு நாள் முயலலாம்.

ஸ்கூபா செய்துவிட்டு விமானம் ஏறலாமா?

பல முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலையோடு மூழ்குவதை நிறுத்திக்கொண்டால் கணக்குப் போடும் வேலையே இல்லை. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு மாலத்தீவில் ஆழ வரம்பு 30 மீட்டர். ஸ்நார்கெலுக்கு இடைவெளி தேவையில்லை.

தீவில் உடம்பு சரியில்லாமல் போனால்?

பல ரிசார்ட்களில் மருத்துவர் இருக்கிறார், சிலவற்றில் செவிலியர் மட்டும். பதிவுக்கு முன் கேளுங்கள். பெரிய சிக்கலுக்கு மாலேதான். இரவில் சீப்ளேன் இல்லாததால் ஸ்பீட்போட்டில் பல மணி நேரப் பயணமாகலாம். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதான பெற்றோருடன் வருபவர்கள் ஸ்பீட்போட் தொலைவுக்குள் உள்ள தீவையே எடுங்கள். காப்பீட்டில் அவசர மருத்துவ இடமாற்றம் சேர்ந்திருக்க வேண்டும்.

நாட்களை எப்படித் திட்டமிட்டால் உண்மையில் ஓய்வு கிடைக்கும்?

ஒரு நாளுக்கு ஒன்றே ஒன்று. படகுப் பயணம் போன நாளில் மசாஜும் சிறப்பு விருந்தும் வேண்டாம். முதல் நாள் எதையும் பதியாதீர்கள். மசாஜ் கடைசி நாளைவிட இரண்டாம் நாளே பயன் தரும், பயணத்தில் இறுகிய தோள் அன்றே தளர்ந்தால் மிச்ச நாளெல்லாம் நல்ல தூக்கம். வெயிலில் சுட்ட தோலோடு மசாஜுக்குப் போகாதீர்கள்.

பல தீவுகள் தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருக்கின்றன, மாலைப் பொழுது நீள்வதற்காக. கைபேசி மாலே நேரத்தையே காட்டும். சீப்ளேனுக்கு அழைக்கும் நேரம் எந்தக் கடிகாரப்படி என்று வரவேற்பறையில் கேட்டுவிடுங்கள்.

மக்கள் வாழும் தீவுக்கு ஒரு மாலை போய்வருவது நல்ல அனுபவம். அங்கே தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

கடைசி நாள் என்ன செய்வது?

பில்லை முந்தைய இரவே கேட்டுச் சரிபாருங்கள், படகு காத்திருக்கும் நேரத்தில் வரிவரியாகப் பார்க்க முடியாது. அன்பளிப்பு கொடுப்பதானால் சிறு டாலர் நோட்டுகளை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், தீவில் சில்லறை மாற்றுவது கடினம். ஈர நீச்சலுடைக்கு ஒரு நெகிழிப் பை. அறையைக் காலி செய்த பின் சீப்ளேன் வரச் சில மணி நேரம் ஆகலாம், குளிக்கவும் உடைமாற்றவும் பொது அறை உண்டா என்று கேட்டால் அந்த நேரத்தையும் கடலில் கழிக்கலாம்.